ஒற்றைக் குழாய், இரட்டை வாய்

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் 1980களின் பிற்பகுதியிலிருந்து உருவாகி வெளிவந்த டி-72 ‘அஜேயா’ டேங்கின் இன்ஜினில் பன்னிரண்டு சிலிண்டர்கள். வரிசைக்கு ஆறாக ‘வி’ வடிவில் இரண்டு வரிசை. 780 குதிரைத்திறன். அவ்வளவு புகையும் வெளியேறுவது ஒரே இடத்தில்தான்: டேங்கின் இடது விலாவில் அகன்ற ஒரு வாய். பின்னர் வந்த டி-90 ‘பீஷ்மா’வுக்கு 1,000 குதிரைத்திறன். அதற்கும் இடது விலாவில் ஒரே வாய்தான்.

அதே ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் சாலையில், பருத்திப்பட்டைத் தாண்டும் கார்களின் பின்புறத்தைப் பாருங்கள். மூன்றே சிலிண்டர், ஒரு லிட்டர் இன்ஜின், 120 குதிரைத்திறன் கொண்ட சின்னக் காருக்குப் பளபளவென்று இரண்டு வாய். டேங்குக்கு ஒன்று போதும் என்றால் இந்தக் காருக்கு எதற்கு இரண்டு?

நாற்பது ஆண்டுகளுக்கு முன் இதைக் கேட்டிருந்தால் வெல்டிங் பட்டறைக்காரர் பதில் சொல்லியிருப்பார். இன்று பதில் கார் கம்பெனியின் வடிவமைப்புப் பிரிவில் இருக்கிறது. குழாய்க்குள் ஓடும் வாயுவின் குணம் இந்த நாற்பது ஆண்டுகளில் துளியும் மாறவில்லை. எத்தனை குழாய் என்று முடிவெடுக்கும் இடம்தான் மாறியிருக்கிறது.

அன்று: துருவும் தகடும்

பருத்திப்பட்டு ஏரியை நம்பி இருந்த ஊர். 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கியது. 1965 டிசம்பரில் அங்கிருந்து முதல் விஜயந்தா டேங்க் வெளிவந்தது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. பாடியில் லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா என்று வரிசையாக ஆலைகள். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்த மேற்குப் புறநகர் முழுக்க இரும்பைக் கையாளத் தெரிந்தவர்கள் குடியேறினார்கள். லேத் ஓட்டுபவர், கேஸ் வெல்டிங் செய்பவர், தகடு மடிப்பவர் என்று தேடிப் போகாமல் தெருவிலேயே ஆள் கிடைத்த காலம் அது.

கைத்திறன் நிறைய இருந்தது, கார்கள்தான் குறைவு. அம்பாசிடர், ஃபியட் என்றே எல்லோரும் அழைத்த பிரீமியர் பத்மினி, வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். மூன்றிலும் நான்கு சிலிண்டர், ஒரே வரிசை. அம்பாசிடரின் 1,489 சிசி இன்ஜின் ஐம்பது குதிரைத்திறன் அளவில் நின்றது. 1,089 சிசி ஃபியட் அதற்கும் சற்றுக் கீழே. எல்லாவற்றுக்கும் ஒரே குழாய், நடுவில் ஒரு சைலன்சர் பெட்டி, பின்னால் வால் குழாய். குழாய், பெட்டி, வால் எல்லாம் சேர்ந்து ஊர் வழக்கில் ‘சைலன்சர்’தான்.

அந்தச் சைலன்சர் பட்டறைக்கு வந்த காரணம் பெரும்பாலும் வேகம் அல்ல, துரு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நீண்ட தூரம் ஓடும் வண்டியில் அது ஆவியாகவே வெளியேறிவிடும். ஆவடி ஸ்டேஷன் வரை போய்த் திரும்பும் வண்டியில் பெட்டி முழுதாகச் சூடேறுவதற்குள் இன்ஜின் நின்றுவிடும். நீர் உள்ளேயே தங்கும். அன்றைய எரிபொருளில் இருந்த கந்தகம் அதோடு சேர்ந்து அமிலமாகும். வெளியே வண்ணம் நன்றாக இருக்கும்போதே உள்ளே தகடு அரித்துப் போயிருக்கும். மழைக்காலம் முடிந்ததும் ‘டபடப’ என்ற சத்தத்தோடு வண்டி பட்டறை வாசலுக்கு வரும்.

வண்டிக்காரருக்கு அங்கே மூன்று வழி இருந்தது. ஓட்டையில் தகடு வைத்து ஒட்டலாம். புதுப்பேட்டையிலிருந்து பழைய பெட்டி ஒன்றை வாங்கி வந்து மாட்டலாம். அல்லது பட்டறையிலேயே தகட்டைச் சுருட்டி, துளையிட்ட குழாயை உள்ளே வைத்துப் புதுப்பெட்டி செய்துகொள்ளலாம். மூன்றாவது வழிக்குப் போகிறவரிடம்தான் ஆசை எட்டிப் பார்க்கும். எப்படியும் வெட்டி ஒட்டுகிறோம், பெட்டியைக் கொஞ்சம் சின்னதாக்கினால் என்ன, பின்னால் இரண்டாகப் பிரித்தால் என்ன?

“அண்ணே, பின்னாடி ரெண்டு பைப்பு வுட்டா வண்டி பிச்சிக்கினு போவுமாண்ணே?”

“போவும் தம்பி. சத்தம் முன்னாடி போவும், வண்டி பின்னாடி வரும்.”

இந்த மாதிரிப் பேச்சு நடக்காத பட்டறை இருந்திருக்காது. அந்தக் கிண்டலுக்குள் சரியான பொறியியல் இருந்தது. ஐம்பது குதிரைத்திறன் இன்ஜினை அடக்கி வைத்திருந்தது புகைக்குழாய் அல்ல. சின்ன கார்புரேட்டர், குறைந்த அழுத்த விகிதம், தரம் குறைந்த பெட்ரோலுக்கு ஏற்ப வைத்த இக்னிஷன் டைமிங் ஆகிய மூன்றும்தான். காற்று உள்ளே வரும் வழி குறுகலாக இருக்கும்போது வெளியே போகும் வழியை இரண்டாக்கி என்ன பயன்?

ஆனாலும் ஆசை இருந்தது. அதை வளர்த்ததில் பைக்குகளுக்கும் பங்கு உண்டு என்று தோன்றுகிறது. மைசூரில் தயாரான ஜாவா, யெஸ்டி பைக்குகளில் ஒரே சிலிண்டர். ஆனால் புகைவழி இரண்டு, சைலன்சரும் இரண்டு. 1983இல் வந்த ராஜ்தூத் 350க்கு இரண்டு சிலிண்டர், இரண்டு சைலன்சர். ராஜ்தூத்தில் அது தேவை: டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தன் அளவுக்கேற்ற குழாய் வேண்டும், அதன் வடிவத்தில்தான் பாதி வலுவே இருக்கிறது. யெஸ்டியை ஒரே குழாயிலும் ஓட்டியிருக்கலாம். தெருவில் நின்று பார்த்தவருக்கு இந்த வேறுபாடு தெரியாது. இரண்டு சைலன்சர் என்றால் பெரிய வண்டி, அவ்வளவுதான். 1984இல் வந்த கன்டெஸா அமெரிக்கக் கார் போன்ற நீண்ட மூக்கோடு வந்தபோது, அதன் பின்னால் இரண்டு குழாய் இருந்தால் எப்படி இருக்கும் என்று கண் தானாகவே வரைந்து பார்த்தது. மூக்குக்குள் முதலில் இருந்தது அம்பாசிடரின் அதே 1,489 சிசி இன்ஜின்தான்.

சோழவரம் சொல்லிக்கொடுத்தது

சைலன்சரைப் பற்றி ஊகத்தில் பேசாமல் ஓட்டிப் பார்த்துப் பேசியவர்களும் பக்கத்திலேயே இருந்தார்கள். செங்குன்றத்தைத் தாண்டினால் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளம் அங்கே பந்தயத் தடமானது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே நடத்திய பந்தயங்களுக்கு நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் வண்டிகள் வந்தன. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் திறக்கும்வரை தென்னிந்தியப் பந்தயத்தின் தலைமையிடம் சோழவரம்தான்.

தடத்தில் சட்டம் வேறு, தெருவில் சட்டம் வேறு. பந்தய வண்டிக்குச் சத்தத்தைப் பற்றிக் கவலை இல்லை; பெட்டியைக் கழற்றி எறியலாம். எத்தனை குழாய் வேண்டுமானாலும் வைக்கலாம். அத்தனை சுதந்திரம் இருந்தும் ஒரே வரிசை இன்ஜினில் வேகத்தைத் தேடியவர்கள் கடைசிவரை இரண்டு குழாயைக் கொண்டுபோகவில்லை. நான்கு சிலிண்டரிலிருந்து நான்கு குழாய், அவை இரண்டாகி, பிறகு ஒன்றாகும் ‘ஃபோர்-டூ-ஒன்’ மேனிஃபோல்டு. இல்லாவிட்டால் நான்கும் ஒரே இடத்தில் கூடும் ‘ஃபோர்-ஒன்’. உலகெங்கும் பந்தய மெக்கானிக்குகள் வந்து சேர்ந்த இடம் அதுதான். கோயம்புத்தூரின் கரிவரதன் 1988இல் உருவாக்கிய ஃபார்முலா மாருதி வண்டியில் இருந்தது மாருதி 800இன் 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின். மூன்றும் ஒன்றில் சேர்வதே அந்த இன்ஜினுக்கு இயல்பு.

ஏன் சேர வேண்டும்? புகை ஆற்றுநீர் மாதிரி ஒரே சீராக ஓடுவதில்லை. துடிப்பு துடிப்பாக வருகிறது. நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும்போது நொடிக்கு 200 துடிப்பு. ஒவ்வொரு துடிப்பும் குழாயில் விரைந்து செல்லும்போது தனக்குப் பின்னால் அழுத்தக் குறைவை விட்டுச் செல்கிறது. ஹை ரோட்டில் லாரி கடந்து போனதும் சாலையோரக் காகிதம் அதன் பின்னால் இழுபட்டுப் போகுமே, அதே கதை. அடுத்த சிலிண்டரின் வால்வு அந்த நேரம் பார்த்துத் திறந்தால் உள்ளே தங்கிய பழைய புகையையும் அந்த இழுப்பு வெளியே கொண்டுவந்துவிடும். காலியான சிலிண்டரில் புதுக் காற்று கூடுதலாக நிறையும். வலு கூடுவது இந்த இடத்தில்தான்.

நான்கு சிலிண்டர் இன்ஜின்களில் வெடிக்கும் வரிசை பெரும்பாலும் 1-3-4-2. ஒன்றும் நான்கும் ஒரு ஜோடி, இரண்டும் மூன்றும் ஒரு ஜோடி என்று சேர்த்தால் ஒரு ஜோடிக்குள் துடிப்புகள் ஒன்றையொன்று முட்டாமல் சம இடைவெளியில் வரும். ஃபோர்-டூ-ஒன் செய்வது அதைத்தான். ஆக, நான்கு சிலிண்டர் காருக்கு இரட்டைக் குழாய் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. அது மேனிஃபோல்டின் முதல் ஓரிரண்டு அடி. பம்பருக்குக் கீழே அல்ல.

குறுக்களவுக் கணக்கு

அன்றைய பட்டறையில் எழுதி வைக்காத கணக்கு ஒன்று உண்டு. இன்றும் அதைப் பேப்பரில் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு.

38 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய்கள் இரண்டைப் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டின் குறுக்குவெட்டுப் பரப்பையும் கூட்டினால் கிட்டத்தட்ட 2,270 சதுர மில்லிமீட்டர். இதே பரப்பு 54 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே குழாயில் கிடைத்துவிடும். ஆனால் இரண்டு குழாயின் சுற்றளவு சேர்ந்து 239 மில்லிமீட்டர். ஒரே குழாயினுடையது 170. புகை உரசிச் செல்லும் சுவர் நாற்பது சதவீதம் அதிகம். தகடு, எடை, வெல்டிங், தொங்கவிடும் ரப்பர் எல்லாமே அதற்கேற்பக் கூடும். ஒரே அளவு புகையைக் கடத்த, இரண்டு குழாய் என்பது அதிக இரும்பும் அதிக உரசலும்தான்.

வேறொரு சிக்கலும் உண்டு. 45 மில்லிமீட்டர் ஒற்றைக் குழாயை நடுவில் வெட்டி இரண்டு 38 மில்லிமீட்டர் குழாயாகப் பிரித்தால் பரப்பு திடீரென்று கூடுகிறது. புகையின் வேகம் முப்பது சதவீதம் குறைந்துவிடும். வேகம் குறைந்தால் அந்த இழுப்பும் குறையும். கீழ் வேகத்தில், அதாவது நகரப் போக்குவரத்தில் நாம் ஓட்டும் வேகத்தில், பிக்கப் மந்தமாகும். ‘இன்ஜினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேணும் சார்’ என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைக் கண்டுதான். இன்ஜினுக்குப் பின்னழுத்தம் தேவையே இல்லை. தேவைப்படுவது புகையின் வேகம். காரணத்தை மாற்றிச் சொன்னாலும் அவர்கள் தந்த அறிவுரை சரியாகவே இருந்தது: குழாயை அளவுக்கு மீறிப் பெரிதாக்காதே.

அப்படியானால் இரட்டைக் குழாய் எங்கே பிறந்தது? ‘வி’ இன்ஜினில். 1932இல் ஃபோர்டு கம்பெனி சாதாரண மக்கள் வாங்கும் விலையில் எட்டு சிலிண்டர் ‘வி’ இன்ஜினைக் கொண்டுவந்தது. இரு பக்கமும் நான்கு நான்கு சிலிண்டர். கம்பெனி இரு பக்கப் புகையையும் ஒரே குழாயில் சேர்த்தது. போருக்குப் பின் கலிஃபோர்னியா இளைஞர்கள் அதை இரண்டாகப் பிரித்தார்கள். இரு வரிசைக்கு இரு குழாய் என்பது அங்கே நேர்வழி. குறுக்கே ஒரு இணைப்புக் குழாய் வைத்தால் இரு பக்கத் துடிப்புகளும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். போர்ஷே 911இல் சிலிண்டர்கள் பக்கத்துக்கு மூன்றாகப் படுத்திருக்கின்றன; அதற்கும் இரு வழி இயல்பாக வருகிறது. எட்டு சிலிண்டர் அமெரிக்கக் காருக்கும் ஆறு சிலிண்டர் ஜெர்மன் காருக்கும் உள்ள உடற்கூறு, சினிமா வழியாகவும் போஸ்டர் வழியாகவும் நான்கு சிலிண்டர் ஃபியட்டுக்கு ஆசையாக வந்து சேர்ந்தது.

டேங்கின் கதை இதற்கு நேர் எதிர். இரு வரிசை இருந்தும் டி-72இல் வாய் ஒன்றே. கவச வண்டியில் ஒவ்வொரு திறப்பும் ஒரு பலவீனம். வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டே காற்றுவடிகட்டியின் தூசியை உறிஞ்சி வெளியேற்றுகிறார்கள். அதே சூடான குழாயில் டீசலைத் தெளித்துப் புகைத்திரையும் போடுகிறார்கள். வாய் அகலமாக இருந்தால் போதும், எத்தனை என்பது முக்கியமில்லை என்பதற்கு ஆவடியைவிட அருகில் வேறு சாட்சி வேண்டாம்.

நடுவில் வந்த 1995

1995 ஏப்ரல் 1. டில்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் ஆகிய நான்கு நகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயம் என்று வந்தது. அதற்காக ஈயமில்லாத பெட்ரோலும் வந்தது. வெறும் தகடும் காற்றும் இருந்த குழாய்க்குள் முதல் தடவையாக பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய தேன்கூட்டுக் கல் ஒன்று உட்கார்ந்தது. பட்டறைக்காரர் தகட்டில் செய்துவிட முடியாத முதல் பொருள் அதுதான்.

அமெரிக்காவில் இதே மாற்றம் இருபது ஆண்டு முன்பே நடந்திருந்தது. அங்கே நடந்தது நமக்குப் பாடம். 1975இல் கன்வெர்ட்டர் வந்தபோது கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரின் எட்டு சிலிண்டர் இன்ஜினிலிருந்து வந்த இரு குழாய்களையும் ஒன்றாகச் சேர்த்து, ஒரே கன்வெர்ட்டர் வழியாக அனுப்பி, பின்னால் மறுபடி இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு கன்வெர்ட்டரின் செலவு மிச்சம். வாங்குபவர் பார்க்கும் இரண்டு வாயும் அப்படியே. இன்று பருத்திப்பட்டுச் சாலையில் ஓடும் கார்களின் கீழே இருப்பதும் இதே ஏற்பாட்டின் பேரப்பிள்ளைதான்.

அந்தப் பத்தாண்டிலேயே நம் பகுதிக்குக் காரும் நெருங்கி வந்தது. 1998இல் திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் மிட்சுபிஷி லான்சர் தயாராகத் தொடங்கியது. அதே ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோ. அடுத்த ஆண்டு மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு ஐகான். வேகத்தைத் தேடி வாங்கும் கார் என்று ஒன்று நம் இளைஞர்களுக்கு அறிமுகமானது லான்சர், ஐகான் காலத்தில்தான். கார்புரேட்டர் போய் எரிபொருளைக் கம்ப்யூட்டர் அளந்து தெளிக்கும் காலமும் அதுவே. ‘ஃப்ரீ ஃப்ளோ’, ‘ஹெடர்ஸ்’, ‘எண்ட் கேன்’ என்ற சொற்கள் பட்டறைக்கு வந்தன. அதுவரை துருப்பிடித்ததால் மாற்றிய சைலன்சரை, நன்றாக இருக்கும்போதே மாற்றும் பழக்கமும் வந்தது.

லான்சரின் உறவுக்கார வண்டியிலேயே ஒரு பாடம் இருந்தது. லான்சர் எவல்யூஷன் 10 இந்தியாவுக்கு 2010இல் இறக்குமதியாக வந்தது. இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ. பின்னால் இரண்டு வாய். கீழே படுத்துப் பார்த்தால் டர்போவிலிருந்து பின்பெட்டி வரை ஒரே குழாய். பந்தய மரபில் வளர்ந்த அந்தக் கார்கூட பெட்டிக்குப் பிறகுதான் இரண்டாகிறது. டர்போ இருக்கும் இன்ஜினில் துடிப்புகள் டர்போவின் சக்கரத்திலேயே சிதறிவிடுகின்றன. அதற்குப் பிறகு தேவைப்படுவது தாராளமான ஒரே வழி.

இன்று: கம்பெனியே போட்டுத் தரும் இரண்டு

2021 செப்டம்பரில் ஹூண்டாய் ஐ20 என் லைன் வந்தது. தயாரானது இருங்காட்டுக்கோட்டையில், பூந்தமல்லியைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன மூன்று சிலிண்டர் கார் இதுதான். ஒரு மேனிஃபோல்டு, ஒரு டர்போ, ஒரே குழாய், கடைசியில் இரண்டு வாய். 2022இல் வென்யூ என் லைன், 2024இல் கிரெட்டா என் லைன்; அவற்றுக்கும் இரட்டை வாய். பட்டறைக்காரர் சிரித்துக்கொண்டே மறுத்த வேண்டுகோளை கம்பெனியே உத்தரவாதத்தோடு நிறைவேற்றித் தருகிறது.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. வாய் இரண்டானதால் வலு கூடியது என்று சொல்லி அவர்கள் விற்கவில்லை. பெட்டிக்குள் சத்தத்தை எப்படிச் செதுக்குவது என்று ஆராய்ந்து, சட்டத்தின் வரம்புக்குள் சற்று ஆழமான குரல் வரும்படி செய்திருக்கிறார்கள். வேறு பல கார்களில் நிலைமை இதைவிட வேடிக்கை. பம்பரில் பதித்த பளபளப்பு வளையத்துக்குப் பின்னால் எதுவுமே இல்லை. உண்மையான குழாய் கீழ்நோக்கி வளைந்து கண்ணில் படாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். கண்ணுக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று.

ஊரும் வேறாகிவிட்டது. பருத்திப்பட்டு ஏரிக்கரை 2019இல் நடைபாதையும் படகும் உள்ள பூங்காவானது. அதே ஆண்டு ஆவடி மாநகராட்சியானது. மேற்கே வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை. ஃபியட்டுக்குக் கனவாக இருந்த வேகம் இன்று அந்தச் சாலையில் எந்தச் சாதாரணக் காருக்கும் வந்துவிடும். அதனால் மாற்றிக் கட்டும் ஆசை தீர்ந்துவிடவில்லை. வீடியோக்கள் வழியாக இன்னும் வளர்ந்திருக்கிறது. கேள்வி மட்டும் அன்றைப் போலவே வருகிறது: சிங்கிளா, டூயலா?

பதில் சொல்பவரின் கை மட்டும் கட்டப்பட்டிருக்கிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ்-6 விதி வந்த பிறகு, கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் ஆக்சிஜன் சென்சார்கள் புகையை முகர்ந்துகொண்டே இருக்கின்றன. கன்வெர்ட்டரைக் கழற்றினாலோ, தவறான இடத்தில் குழாயை வெட்டி உள்ளே காற்று கசிந்தாலோ, டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரியும். கம்ப்யூட்டர் எரிபொருள் கலவையைத் தன் விருப்பத்துக்கு மாற்றும். வந்த கொஞ்சநஞ்ச வலுவும் போகும், மைலேஜும் போகும். ‘வெட்டி ஒட்டிடலாம் சார்’ என்ற காலம் பின்பெட்டிக்குப் பிந்தைய ஒன்றரை அடிக்குள் சுருங்கிவிட்டது.

சட்டமும் இறுகியிருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அதே ஆண்டு திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒலி, புகை வரம்பை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். புதிய பயணிகள் கார் பரிசோதனையில் 74 டெசிபலைத் தாண்டக் கூடாது. டெசிபல் கணக்கில் பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு; 84 என்பது 74ஐவிடக் கொஞ்சம் அதிகம் அல்ல.

அளந்து பார்த்தால்

அன்று வலு கூடியதா என்று கண்டுபிடிக்க ஒரே கருவிதான் இருந்தது: ஓட்டுபவரின் முதுகு. ஆவடி செக்போஸ்டிலிருந்து பூந்தமல்லி வரை ஓர் ஓட்டம், சீட்டில் முதுகு அழுந்தினால் வெற்றி. சத்தம் கூடினால் வேகம் கூடியதாகவே முதுகுக்குத் தோன்றும் என்பதுதான் அந்தக் கருவியின் குறை. இன்று டைனமோமீட்டர் உருளைமேல் காரை ஏற்றி, சக்கரத்தில் வரும் வலுவை எண்ணாகவே பார்த்துவிடலாம். சாதாரணப் பெட்ரோல் காரில் பின்பெட்டியை மட்டும் மாற்றினால் வரும் லாபம் பெரும்பாலும் ஒற்றை இலக்கக் குதிரைத்திறன். சில சமயம் அளவீட்டின் ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே காணாமல் போய்விடும்.

குழாயின் அளவை முடிவு செய்ய பந்தய மெக்கானிக்குகள் நெடுங்காலமாக வைத்திருக்கும் தோராயக் கணக்கு ஒன்று உண்டு. ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு 2.2 கன அடி புகைவழி வேண்டும். நேரான குழாயின் ஒரு சதுர அங்குலம் 115 கன அடியைக் கடத்தும். 120 குதிரைத்திறனுக்கு இதைப் போட்டுப் பார்த்தால் வருவது ஒன்றே முக்கால் அங்குலத்தை ஒட்டிய உள்விட்டம். ஒரே குழாய். 200 குதிரைத்திறனுக்குச் சற்றேறக்குறைய இரண்டேகால் அங்குலம். அதுவும் ஒரே குழாய்தான். இந்தியச் சாலைகளில் மக்கள் வாங்கும் கார்களில் மிகப் பெரும்பாலானவை இந்த எல்லைக்குள்ளேயே அடங்கிவிடும்.

அப்படியென்றால் இரண்டு எப்போது சரி? இன்ஜினில் சிலிண்டர் இரு வரிசையாக இருந்தால் சரி. பெரிய விட்டமுள்ள ஒற்றைக் குழாய் தரையைத் தொடும் அளவுக்குத் தாழும்போது, அதற்குப் பதில் இரண்டு சிறு குழாய்களை மேலே ஒட்டிப் படுக்க வைப்பது சரி. நம் தெருக்களின் வேகத்தடைகளைப் பார்த்தவருக்கு இந்தக் காரணத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. குரல் வேறாக வேண்டும் என்பதும் ஒரு நியாயமான விருப்பம்தான், சட்ட வரம்புக்குள் இருந்தால். ஆனால் அதிலும் ஒரு நுட்பம்: பெட்டிக்குப் பின்னால் இரண்டாகப் பிரிப்பதால் குரல் பெரிதாக மாறாது. குரலை மாற்றுவது பெட்டியின் உள்ளமைப்பும் குழாயின் நீளமும். இரண்டாவது வாயைப் போட்ட பிறகு ‘சவுண்ட் செமையா மாறிடுச்சு’ என்று சொல்பவரின் காரில், பெட்டியும் சேர்ந்தே மாறியிருக்கும்.

இப்போது இன்னொரு பக்கத்திலிருந்தும் மாற்றம் வருகிறது. இரட்டை வாய் வைத்த கிரெட்டா என் லைனைத் தந்த அதே இருங்காட்டுக்கோட்டை ஆலை, 2025 ஜனவரியில் மின்சாரக் கிரெட்டாவையும் கொண்டுவந்தது. அதற்குக் குழாயே இல்லை. கால் வைத்த நொடியில் கிடைக்கும் இழுவை மட்டும் உண்டு. சத்தம்தான் வலு என்று நம்பியவர்கள் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டிய வண்டி.

அன்றைய பட்டறையில் இருந்து இன்று காணாமல் போனது ஒன்று உண்டு: ‘வேணாம் தம்பி’ என்று சொல்லும் ஆள். தன் கையால் தகட்டை மடித்தவருக்கு அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்திருந்தது. செய்தால் வரும் காசைவிடச் சொல்லித் திருப்பி அனுப்பும் பெருமை சில பேருக்குப் பெரிதாக இருந்தது. இன்று பெட்டியில் அடைத்து வீட்டுக்கே வரும் கிட்டுக்கு அந்த வாய் இல்லை. அதனால் வாங்குபவரே கீழே குனிந்து இன்ஜினின் வரிசையை எண்ணிக்கொள்ள வேண்டும். வரிசை ஒன்று என்றால் குழாய் ஒன்று போதும். மிச்சமாகும் பணத்துக்குச் செலவு இல்லாமல் இல்லை: திருவொற்றியூரில் டயரும் பாடியில் பிரேக்கும் செய்கிற ஊர் இது, காரின் வேகத்தை உண்மையில் பயன்படுத்தவும் அடக்கவும் உதவுபவை அவை இரண்டும்தான்.